பறந்தவரும் ஓடியவரும் ஒரே ஃப்ளைட்டில்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு நீதிமன்றச் செய்தி என் மேசைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் தரக் கூடாது என்று அரசுத் தரப்பு வாதாடியிருந்தது. அவர் ஒரு ‘ஃப்ளைட் ரிஸ்க்’ என்பது காரணம். நான் சற்றும் யோசிக்காமல் “அவரை விமானத்தில் அனுப்புவது ஆபத்து” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரதியைத் திருத்திய மூத்தவர் அந்த வரியை வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: “ஆள் ஓடிப்போய்விடுவான் தம்பி, அவ்வளவுதான். அதற்குப் பறக்கத் தேவையில்லை, பஸ் போதும்.”

அன்றிலிருந்து இந்தச் சொல் எதிர்ப்பட்டால் கை ஒரு நொடி நின்றுவிடும். அகராதிகள் ஃப்ளைட்டுக்குப் பத்துப் பதினைந்து பொருள் போடுகின்றன. அடியில் கிடப்பவை என்னவோ இரண்டு சொற்கள்தான். ஒன்றுக்குத் தாய் ‘ஃப்ளை’, அதாவது பற. இன்னொன்றுக்குத் தாய் ‘ஃப்ளீ’, அதாவது தப்பி ஓடு. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. எந்த வாக்கியத்தில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நமக்கு நன்கு பழகிய ஃப்ளைட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. “அதோ பார், ஃப்ளைட் போகுது” என்று வானத்தைக் காட்டிக் குழந்தைக்குச் சொல்கிறோம். தமிழுக்கு வந்தபோது அந்தச் சொல் இயந்திரத்தின் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் வானத்தில் போவது பிளேன். அது போகிற போக்குதான் ஃப்ளைட். வேனுக்கும் ட்ரிப்புக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஒரே வேன் நாலு ட்ரிப் அடித்தது என்போமே, அதுபோல ஒரே விமானம் நாலு ஃப்ளைட் போகலாம். உலகின் முதல் விமானமே அப்படித்தான் போனது. 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே ரைட் சகோதரர்கள் ஓட்டிக் காட்டியது ஒரே ஒரு இயந்திரத்தை. அன்று நடந்த ஃப்ளைட்டுகள் நான்கு. முதலாவதில் ஆர்வில் 12 நொடி காற்றில் இருந்தார், கடந்த தூரம் 120 அடி. நான்காவதில் வில்பர் 59 நொடி தாக்குப்பிடித்தார், 852 அடி. அப்புறம் ஒரு பலத்த காற்று வந்து நின்றுகொண்டிருந்த விமானத்தைப் புரட்டிப் போட்டது. அது மறுபடி பறக்கவே இல்லை. விமானம் போய்விட்டது, ஃப்ளைட்டுகள் நான்கும் வரலாற்றில் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான வேடிக்கையை விமான நிலையத்துப் பலகையில் பார்க்கலாம். ஒரே வாசல், ஒரே நேரம், ஒரே ஊர், ஆனால் மூன்று நான்கு ஃப்ளைட் எண்கள் மாறி மாறி மின்னும். வெளியே நிற்பது ஒரே விமானம்தான். கோட்ஷேர் என்ற ஏற்பாட்டின்படி பல நிறுவனங்கள் அதே பயணத்தைத் தத்தம் எண்ணில் விற்றிருக்கின்றன. ஃப்ளைட் என்பது இயந்திரம் என்று நினைப்பவருக்கு இந்தப் பலகை தலையைச் சுற்ற வைக்கும். ‘டைரக்ட் ஃப்ளைட்’ என்பதிலும் இதே பொறிதான். நேராகப் போகும், நடுவில் எங்கும் நிற்காது என்று நம்பி டிக்கெட் எடுப்போம். அது வழியில் ஓர் ஊரில் இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டும் போகலாம். ஃப்ளைட் எண் மாறாதவரை அதற்குப் பெயர் டைரக்ட் ஃப்ளைட்தான். நிற்காமல் போவது வேண்டுமென்றால் கேட்க வேண்டிய சொல் ‘நான்ஸ்டாப்’.

சரி, பறக்கிற பிள்ளை இது. ஓடுகிற பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளரின் காலை வாரிவிடுவது.

அதைப் பார்க்க 18ஆம் நூற்றாண்டு பிரான்சுக்குப் போக வேண்டும். 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில் மாங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக் காற்றுப் பலூன் மேலே போனது. கீழே தொங்கிய கூடையில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். அண்ணாந்து பார்த்த கூட்டத்தில் அரசர் 16ஆம் லூயியும் இருந்தார். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 21 அன்று, பாரிஸில் மனிதர்கள் இருவர் அதேபோன்ற பலூனில் ஏறிச் சுமார் 25 நிமிடம் மிதந்தார்கள். ஆங்கிலத்தில் அது மனிதனின் முதல் ஃப்ளைட். எட்டு ஆண்டுகள் போயின. புரட்சி வந்தது. 1791 ஜூன் 20 இரவு அதே லூயி குடும்பத்தோடு மாறுவேடத்தில் பாரிஸை விட்டு நழுவினார். மறுநாள் இரவு வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார். அந்தச் சம்பவத்துக்கு ஆங்கில வரலாற்றில் பெயர் ‘ஃப்ளைட் டு வரேன்’. போனது குதிரை வண்டியில். அதுவும் பாரமான, பெரிய, மெதுவாக நகர்கிற வண்டி. ஆடும் வாத்தும் சேவலும் போனது ஒரு ஃப்ளைட், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசர் போனது இன்னொரு ஃப்ளைட். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பலூன் போனது ‘வோல்’, அரசர் போனது ‘ஃப்யூயித்’. (அந்த வோலுக்குத் திருட்டு என்றும் பொருள் உண்டு என்பது அவர்கள் சொந்தத் தலைவலி. வேட்டைப் பருந்து பாய்ந்து இரையைத் தூக்கிப் போவதிலிருந்து வந்தது அது.)

1959 மார்ச் 17 இரவு தலாய் லாமா ஒரு சிப்பாயின் உடையில் லாசாவை விட்டு வெளியேறினார். மலைகளைக் கடந்து மார்ச் 31 அன்று இந்திய எல்லைக்குள் வந்தார். இரண்டு வார வழி, பெரும்பாலும் குதிரையிலும் நடையிலும். இதுவும் ஆங்கிலத்தில் ஃப்ளைட். 1959இல் விமானங்கள் தாராளமாகப் பறந்துகொண்டிருந்தன. அதனால் இந்த வாக்கியத்தை அவசரமாகப் படிப்பவர் அவரை விமானத்தில் ஏற்றிவிடுவது மிகவும் சுலபம்.

இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன? பழைய ஆங்கிலத்தில் பறப்பதற்கு ஃப்ளேயோகன், ஓடுவதற்கு ஃப்ளேயோன். பார்த்தாலே தெரிகிறது, அன்றைக்கே இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நின்றன. இறந்தகாலத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘பறந்தான்’ என்பதற்கும் ‘ஓடினான்’ என்பதற்கும் ‘ஃப்ளேயாஹ்’ என்ற ஒரே வடிவம் வழங்கியது. ஆனால் இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை அல்ல என்றுதான் மொழியியலாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். அதற்கான தடயம் ஆங்கிலத்தின் உறவுமொழியான கோத்திக்கில் கிடைக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் அந்த மொழிக்குப் பெயர்க்கப்பட்ட பைபிளில், ஓடு என்னும் வினை ‘த்லியூஹன்’ என்று ‘த்’ ஒலியில் தொடங்குகிறது. ஆங்கிலம், ஜெர்மன் முதலான மொழிகளில் அந்தத் ‘த்ல’ தேய்ந்து ‘ஃப்ள’ ஆனது. பக்கத்து வீட்டுக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

ஜெர்மன் எப்படியோ சுதாரித்துக்கொண்டது. அங்கே பறத்தல் ‘ஃப்ளூக்’, ஓடுதல் ‘ஃப்ளுக்ட்’. டச்சு மொழி ஆங்கிலத்தைவிடப் பாவம். அங்கே ‘வ்லுக்ட்’ என்ற ஒரே சொல்லிலிருந்து விமானப் பயண எண்ணுக்கும் பெயர் வருகிறது, அகதிக்கும் பெயர் வருகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொற்கள்கூட முழுதாகப் பிரிந்துவிடவில்லை. ‘மாக்பெத்’ நாடகத்தில் கொலையாளிகள் சூழ்ந்துகொண்டதும் பேங்க்கோ தன் மகனைப் பார்த்து “ஃப்ளை, ஃப்ளை” என்று கத்துகிறான். பையனுக்குச் சிறகில்லை. ‘ஓடு, தப்பி ஓடு’ என்பதே பொருள். நாட்டைவிட்டு ஓடியவனை ‘ஃப்ளை’ போட்டுச் சொல்லும் வழக்கு இன்றும் இருக்கிறது.

சுவர்க் கடிகாரங்களில் லத்தீனில் ‘டெம்பஸ் ஃபூகிட்’ என்று பொறித்திருப்பார்கள். ஃபூகிட் என்றால் தப்பி ஓடுகிறது. ரெஃபியூஜி என்ற சொல்லின் வேரும் இதுவே. லத்தீனில் காலம் கைதி போலத் தப்பி ஓடியது. ஆங்கிலத்துக்கு வந்ததும் ‘டைம் ஃப்ளைஸ்’ என்று சிறகு முளைத்துவிட்டது. நாமும் காலம் பறக்கிறது என்றுதான் சொல்கிறோம். தமிழிலும் பறப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவே சுவர் ஒன்றும் அத்தனை உயரமில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகிறது. அந்தப் பத்தும் சிறகடித்துப் போவதில்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகின்றன. அவசரப்படுகிறவனைப் பார்த்து “ஏன் இப்படிப் பறக்கிறே?” என்கிறோம். ஆனால் நமக்கு இது உருவகம் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலே ஒன்றாகிவிட்டதால் உருவகம் எது, நேர்ப்பொருள் எது என்பது மங்கிவிடுகிறது.

உடலியலில் புகழ்பெற்ற ‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’ ஓடுகிற பிள்ளைதான். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய கருத்து இது. ஆபத்து எதிரே வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், செரிமானம் மட்டுப்படும், தசைகளுக்கு ரத்தம் பாயும். நின்று மோதவும் தயார், ஓடவும் தயார். இதை ‘சண்டையா, விமானமா’ என்று இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். சிரித்தேன், அப்புறம் என் ஜாமீன் செய்தி நினைவுக்கு வந்தது, சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

விலங்கியலில் இதைவிட நுட்பமான ஒரு வலை விரித்திருக்கிறது. பறவை நூல்களில் ‘ஃப்ளைட் டிஸ்டன்ஸ்’ என்று வரும். பறவை எவ்வளவு தூரம் பறக்கும் என்பதுதானே என்று தோன்றும். கிடையாது. ஒரு காக்கையை நோக்கி மெல்ல நடந்து பாருங்கள். இருபதடியில் தலையைத் திருப்பும். பத்தடியில் கொறிப்பதை நிறுத்தும். இன்னும் ஓர் அடி வைத்தால் கிளம்பிவிடும். கிளம்பிய அந்த நொடியில் உங்களுக்கும் அதற்கும் இடையில் இருந்த தூரம்தான் ஃப்ளைட் டிஸ்டன்ஸ். சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் ஜெர்மனில் வகுத்துத் தந்த கருத்து இது. அவர் பயன்படுத்தியது ஓடுதலுக்கான ஃப்ளுக்டை. ஆங்கிலத்துக்கு வந்ததும் வழக்கம்போல ஃப்ளைட் ஆனது. காக்கை பறந்தே தப்புவதால் படிப்பவருக்குச் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து.

மாட்டுக்கும் இது உண்டு என்று தெரிந்தால் சந்தேகம் வரும். மாடு மேய்ப்பவர்களுக்கான ஆங்கிலக் கையேடுகளில் ‘ஃப்ளைட் ஸோன்’ என்று மாட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். வட்டத்துக்கு வெளியே நின்றால் மாடு உங்களைத் திரும்பிப் பார்க்கும். விளிம்பைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தால் நகரத் தொடங்கும். ஓர் அடி பின்வாங்கினால் நின்றுவிடும். அதன் தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்னே போகும். அடிக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். இந்த வட்டத்துக்குத் தமிழில் ‘விலகல் எல்லை’ என்று எழுதினேன். ‘பறப்பு மண்டலம்’ என்று எழுதியிருந்தால் மாடே சிரித்திருக்கும்.

பொருளாதாரத்தில் ‘கேபிடல் ஃப்ளைட்’ என்றால் நாட்டிலிருந்து பணம் தப்பி வெளியேறுவது. சந்தை ஆட்டம் கண்டதும் பங்குகளை விற்றுவிட்டு அரசுக் கடன் பத்திரங்களில் போய் ஒதுங்குவதும் ஒரு ஃப்ளைட். எல்லாம் ஓட்டந்தான்.

இந்த இரண்டு தாய்களோடு விஷயம் முடிந்திருந்தால் நிம்மதி. மாடிப்படியில் ஒரு ஃப்ளைட் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அது பறக்கிற பிள்ளையின் வாரிசு. பறவை ஒரே மூச்சில், எங்கும் உட்காராமல் கடக்கிற தூரம் என்ற பொருளிலிருந்து, இடைவெளி விடாமல் தொடர்கிற வரிசை என்ற பொருள் கிளைத்தது. அதனால்தான் ஒரு லேண்டிங்கிலிருந்து அடுத்த லேண்டிங் வரை தொடர்ந்து போகும் படிகள் ஒரு ஃப்ளைட். லேண்டிங் என்று நம் கொத்தனார்களும் சொல்லும் அதே சொல் விமானம் தரையிறங்குவதற்கும் இருப்பது அழகான பொருத்தம். பாதியில் திரும்பி ஏறும் படிக்கட்டாக இருந்தால் ஒரு மாடிக்கு இரண்டு ஃப்ளைட். ஆக, ‘மூன்று ஃப்ளைட் ஏறினான்’ என்பதை மூன்று மாடி என்று எழுதினால் தவறாகிவிடக்கூடும். ஐபோன் இதற்குக் குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறது. சுமார் 10 அடி உயரம் ஏறினால் ஒரு ஃப்ளைட் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, ஏறக்குறைய 16 படி. ஃபோனுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. நீங்கள் லேண்டிங்கில் நின்றீர்களா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

பிரெஞ்சிலும் படிக்கட்டு வரிசை ‘வொலே’, பறத்தலிலிருந்து பிறந்ததுதான். ஒரே சமயத்தில் பாயும் அம்புக் கூட்டத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் அது ‘வாலி’ ஆனது. வாலிபாலில் நாம் உச்சரிப்பது அந்த வாலியைத்தான்.

இதே வரிசைப் பொருளில் என் மனம் கவர்ந்த ஃப்ளைட் ஒன்று தண்ணீரில் இருக்கிறது. இங்கிலாந்தின் டிவைஸஸ் ஊருக்குப் பக்கத்தில் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் ஒரு குன்றின் மேல் ஏறுகிறது. தண்ணீர் எப்படிக் குன்று ஏறும்? இரு முனையிலும் கதவு வைத்த தொட்டிகளைப் படிபோல அடுக்கியிருக்கிறார்கள். படகு கீழ்த்தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை அடைத்து மேலிருந்து நீரைத் திறந்துவிட்டால் படகு தானே உயரும். முன்கதவைத் திறந்து அடுத்த தொட்டிக்குப் போகலாம். இப்படி மொத்தம் 29 தொட்டிகள், 237 அடி ஏற்றம். அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் குன்றின்மேல் வரிசையாக நிற்கின்றன. இந்த அடுக்குக்குப் பெயரும் ஃப்ளைட். பாதி நாள் எடுத்துக்கொள்ளும் ஒரு பயணத்துக்கு!

கிரிக்கெட்டில் ஃப்ளைட் வேறு கலை. சுழல்பந்து வீச்சாளர் பந்தை பேட்ஸ்மேனின் கண்மட்டத்துக்கு மேலே தூக்கிப் போடுகிறார். பந்து தன்னை நோக்கி நீளமாக வருகிறது என்று நம்பி அவர் காலை முன்னே வைக்கிறார். பந்தின் மேல்சுழற்சி காற்றில் அதைக் கீழே இழுக்கிறது. எதிர்பார்த்த இடத்துக்கு முன்பாகவே பந்து குத்துகிறது, மட்டைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிஷன் சிங் பேடி 67 டெஸ்ட்களில் எடுத்த 266 விக்கெட்டுகளில் இந்த ஏமாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. “நல்லா ஃப்ளைட் பண்ணிப் போட்டிருக்கார்” என்று தமிழ் வர்ணனையாளர்கள் சொல்வதை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. ‘தூக்கிப் போட்டார்’ என்றால் பாதிதான் வருகிறது, வஞ்சகம் வருவதில்லை.

மற்றவற்றை ஓடிக்கொண்டே பார்த்துவிடலாம். டார்ட் அம்பின் வாலில் உள்ள இறகு ஒரு ஃப்ளைட். விமானப்படையில் ஸ்குவாட்ரனின் உட்பிரிவு ஒரு ஃப்ளைட். ஃப்ளைட் லெப்டினன்ட் பதவிப் பெயர் அங்கிருந்து வருகிறது. வரிசையாகச் சின்னக் கோப்பைகளில் ருசி பார்க்க வைக்கும் ஒயின் ஒரு ஃப்ளைட். மண்ணைத் துளைக்கும் திருகின் சுருள் தகடும் ஃப்ளைட்டே. இங்கிலாந்துக் கால்பந்தில் முதல்நிலைப் பிரிவு ‘டாப் ஃப்ளைட்’. பள்ளி இயற்பியலில் எறிபொருள் காற்றில் இருக்கும் ‘டைம் ஆஃப் ஃப்ளைட்’ நமக்குப் பறக்கும் நேரம். கற்பனையின் ஃப்ளைட்டுக்கு மட்டும் தமிழ் வேறு வாகனம் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் கற்பனை பறக்கிறது, நாம் கற்பனைக் குதிரையைத் தட்டிவிடுகிறோம்.

‘டேக் ஃப்ளைட்’ என்ற தொடர் வந்தால் எழுவாயைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கொக்குகள் என்றால் எழும்பிப் பறந்தன, படை என்றால் புறமுதுகு காட்டியது, கடன்காரன் என்றால் கம்பி நீட்டினான். ஓடிப்போவதைச் சொல்லத் தமிழில் சொல் பஞ்சமே கிடையாது.

ஆனால் எழுவாயைப் பார்த்தும் முடிவெடுக்க முடியாமல் நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 1941 மே 10 மாலை, ஹிட்லரின் கட்சித் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத்தில் தனியாகக் கிளம்பினார். இரவில் ஸ்காட்லாந்தின் மேல் பாராசூட்டில் குதித்தார், ஒரு பண்ணைத் தொழிலாளியின் கையில் சிக்கினார். சமாதானம் பேச வந்தேன் என்றார் அவர். அவருக்குச் சித்தப்பிரமை என்று அறிவித்தது பெர்லின். ஆங்கில நூல்கள் இதை ‘ஹெஸ்ஸின் ஃப்ளைட்’ என்கின்றன. பறந்தாரா? பறந்தார். ஓடினாரா? அதில்தான் வழக்கே. ஆங்கிலம் அந்தக் கேள்வியை மூடி வைத்துவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடும்.

எனக்கு அந்த வசதி இல்லை. ‘விமானப் பயணம்’ என்று எழுதினால் உல்லாசமாகப் போன மாதிரி ஆகிறது. ‘தப்பியோட்டம்’ என்றால் தீர்ப்பே எழுதிய மாதிரி. ‘பறந்தோடினார்’ இரண்டையும் பிடித்துவிடும் என்று ஆசைப்பட்டேன். தமிழ்க் காதில் அது விழும்போது கேட்பது கால்களின் ஓசை. கடைசியில் “ஹெஸ் தனியாக விமானத்தை ஓட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார்” என்று எழுதினேன். ‘போனார்’ இல்லை, ‘போய்விட்டார்’.